கணித மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்தர இணைந்த கணிதத்தில் சிக்கலெண்களைக் கற்கும் எமது மாணவர், ஓர் எண்ணை வர்க்கித்து ஒரு மாறிலியைக் கூட்டி, வரும் விடையையும் மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்துகொண்டுபோனால் என்ன நிகழும் என்ற கேள்வியைச் சந்திப்பதேயில்லை. 0இல் தொடங்கினால், மாறிலி −1 எனில் 0, −1, 0 எனச் சுழல்வதையும், 1 எனில் 1, 2, 5, 26 எனப் பெருகுவதையும் கொப்பியிலேயே காட்டலாம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் ஃபாத்தூ, ஜூலியா என்னும் கணிதவியலாளர் வளர்த்து, பின் பல தசாப்தங்கள் பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்த இத்துறைக்கு, 1980 அளவில் கணிதவியலாளர் மண்டல்பிரோ கணினியில் பெற்ற பிராக்டல் படங்கள் (எவ்வளவு பெருப்பித்தாலும் நுண்வடிவங்கள் தொடர்ந்து தோன்றும் உருவங்கள்) புத்துயிர் அளித்தன. அழகிய படங்களோடு அது நின்றுவிடவில்லை: மண்டல்பிரோ தொடை, அதாவது 0இல் தொடங்கும் இச்செய்கையில் விடைகள் எல்லையின்றிப் பெருகாத மாறிலிகளின் தொகுதி, ஒரே துண்டாக இணைந்தது எனக் கணிதவியலாளர் டுவாடியும் ஹபார்டும் நிறுவினர், அது எங்கும் உள்ளூர் இணைப்புடையதா (அதன் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் எவ்வளவு சிறிய அயலிலும் இணைந்த பகுதியாக உள்ளதா) என்பது இன்றும் தீராத வினா. யாழ்ப்பாணப் பாடசாலைகளின் கணித மன்றங்கள் இதற்கென ஒரு பிற்பகலையேனும் ஒதுக்க வேண்டும்.

கணித ஆசிரியர்,
கோண்டாவில்.