வாசிப்புக் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் நூலகத்தின் வாசிப்புக் கூடப் பணிகள் முடிந்துவிட்டன. கூரை ஒழுக்கு அடைக்கப்பட்டு, மேலே நீர்க்காப்புப் பூச்சு போடப்பட்டிருக்கிறது. பழைய மின்கம்பிகள் எல்லாம் மாற்றப்பட்டன. வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளமும், உள்ளே அதற்கேற்ற கழிப்பறையும் புதிதாகக் கட்டப்பட்டுள்ளன. வரவு செலவு விவரம் தணிக்கையாளர் கையெழுத்துடன் தனியாக இணைக்கப்பட்டுள்ளது. அந்தக் கணக்கில் எழுத முடியாத ஒரு வரவும் நமக்கு உண்டு. பலரும் செய்த உதவிதான் அது. அதை எப்படிப் பெற்றுக்கொண்டோம் என்பதையே இங்கே விரிவாக எழுதுகிறோம்.

நிதி திரட்டும் நிகழ்ச்சி என்றால் செயலாளர் பார்த்துக்கொள்வார் என்பது நம்மிடம் பழகிப்போன விஷயம். மேடை, நாற்காலி, அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம் என்று எதையும் அவர் இன்னொருவர் தலையில் வைத்ததில்லை. இந்த முறை உடல்நலமில்லாத தாயாரைக் கவனிக்க வேண்டியிருந்தது. முதல் கூட்டத்திலேயே அவர் எழுந்து, "பாதி வேலைதான் என்னால் முடியும், மீதியை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் எவ்வளவு தயங்கினேன் என்று அப்புறம் எங்களிடம் சொன்னார். இதை அறிக்கையில் எழுதச் சொன்னதும் அவர்தான்.

உதவி கேட்பதில் எல்லோருக்குமே ஒரு கூச்சம் இருக்கிறது. ஃபிளின், லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு வினாத்தாளை நிரப்பித் தரும்படி சிலரைக் கேட்க வைத்தார்கள். வேண்டிய அளவு தாள்கள் கிடைக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முதலிலேயே அவர்களை ஊகிக்கவும் சொன்னார்கள். கடைசியில், ஊகித்ததில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கேட்டதிலேயே வேலை முடிந்துவிட்டதாம். மறுத்துவிடுவார்கள் என்று நாம் பயப்படும் அளவுக்கு மனிதர்கள் மறுப்பதில்லை. எங்கள் அனுபவமும் அதுவே.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று நிறையப் பேர் சொன்னார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் அதற்கு "சரி, சொல்கிறோம்" என்று பதில் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். என்ன வேலை, எந்த நாள், எவ்வளவு நேரம், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. "மாலையில் இரண்டு மணி நேரம் வாசலில் உட்கார்ந்து ரசீது எழுத ஒருவர்" என்று படித்துக் காட்டியதும், கேட்டவர் தன்னால் முடியுமா முடியாதா என்று அங்கேயே சொல்லிவிட்டார். வெளியே வர இயலாத மூத்த உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே தொலைபேசி அழைப்புகளை ஏற்றுக்கொண்டார்கள்.

வேலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருந்தால், கொடுத்ததற்கு அர்த்தமில்லை. சுவரொட்டியை இளைஞர்கள் வடிவமைத்தார்கள். நாள், இடம், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை மட்டும் சரிபார்த்தோம். நிறமும் எழுத்தும் அவர்கள் விருப்பம். விட்டுக்கொடுக்காத இடங்களும் உண்டு. ரொக்கத்தை எப்போதும் இருவர் சேர்ந்தே எண்ணினார்கள்; பணம் வாங்கியவரே பேரேட்டில் பதியாமல், அதை வேறொருவர் பதிந்தார். மின்வேலையைத் தாங்களே செய்து தருவதாகச் சிலர் அன்போடு முன்வந்தும், உரிமம் பெற்ற பணியாளரிடமே கொடுத்தோம். கூடத்துக்குத் தன் பெயரை வைத்தால் பெருந்தொகை தருவதாக ஒருவர் சொன்னார். நன்றி சொல்லி மறுத்தோம். எல்லோரும் சேர்ந்து கட்டிய கூடத்துக்கு ஒருவர் பெயர் பொருந்தாது என்பது குழுவின் முடிவு.

சாய்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்ததாரர் தந்த முதல் வரைபடத்தில் அது குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தது. சக்கர நாற்காலியில் வரும் நம் உறுப்பினர் ஒருவரிடம் அதைக் காட்டினோம். "ஏறும்போதாவது யாராவது தள்ளிவிடுவார்கள், இறங்கும்போது வண்டி என் கைக்கு அடங்காது" என்றார். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அரை மீட்டர் உயர வாசல் என்றால் ஆறு மீட்டர் நீளம் ஆகிறது. நேராகப் போட இடமில்லாததால் இரண்டாக மடக்கி, நடுவே வண்டி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு, இருபுறமும் கைப்பிடி வைத்தோம். கைப்பிடியின் உயரத்தை அவரே உட்கார்ந்து பார்த்துச் சொன்னார். யாருக்காகக் கட்டுகிறோமோ அவரே வழிகாட்டியதால்தான் அது இன்று உண்மையிலேயே பயன்படுகிறது.

கொத்தனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் வந்து நின்றார். கான்கிரீட் போட்டபின் குறைந்தது 7 நாளாவது ஈரம் காயக்கூடாது, அதன் பலத்தைக் கணக்கிடுவதே 28-வது நாளில்தான், அதுவரை பாரம் ஏற்றாதீர்கள் என்று பிடிவாதமாகச் சொன்னார். பக்கத்து வீட்டார் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். திறப்பு நாளைத் தள்ளிவைத்ததற்கும் இதுவே காரணம்.

இனி பராமரிப்பு. மழைக்கு முன் கூரை வடிகாலில் சருகு அள்ள வேண்டும். கைப்பிடிக்கு வண்ணம் பூச வேண்டும். ஞாயிறு காலைகளில் கூடத்தைத் திறந்து வைக்க ஆள் வேண்டும். இவற்றுக்கான வரிகள் அதே நோட்டுப் புத்தகத்தில் காலியாக இருக்கின்றன. புத்தகம் நூலகர் மேசையில் இருக்கிறது. கணக்கு குறித்த கேள்விகளைப் பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் தந்தால், ரசீதுகளுடன் பதில் தருகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்