குன்னூர் இசை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், அதனால் இந்த வருடம் மேற்கத்திய இசையில் என்ன கேட்டோம், எப்படிக் கேட்டோம் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு வருத்தம். நாம் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்ட நம் மூத்த உறுப்பினர் மழைக்காலத்தில் காலமானார். அவர் சேர்த்த இசைத்தட்டுகளை எல்லாம் அவர் மகள் நம் வட்டத்துக்கே கொடுத்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு நன்றி.

போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு நினைவிருக்கும்: இனிமேல் துண்டு துண்டாகப் போடுவதில்லை, எதை எடுத்தாலும் முதலிலிருந்து கடைசி வரை. அதற்கு முன்பெல்லாம் ஆப்பராவில், அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகத்தில், வெர்டி எழுதியதில் ஒரு பாட்டு, புச்சினி எழுதியதில் ஒரு பாட்டு, நடுவில் பேத்தோவன் ஐந்தாவது சிம்பொனியின் முதல் பகுதி என்று கேட்டுவிட்டுக் கலைந்துவிடுவோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் யார் உட்காருவார்கள் என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். உட்கார்ந்தார்கள். தமிழில் கதைச்சுருக்கம் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததுதான் பாதி உதவி என்று நினைக்கிறேன்.

வெர்டியின் 'லா டிராவியாட்டா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1853இல் வெனிஸில் முதல்முறை மேடையேறியபோது தோற்றுப்போன ஆப்பரா அது. அதில் விருந்துப் பாட்டு எல்லோருக்கும் தெரியும், எந்தத் தொகுப்பு வாங்கினாலும் இருக்கும். ஆனால் இரண்டாம் அங்கத்தில் காதலன் ஆல்ஃப்ரெடோவின் அப்பா வந்து, என் மகனை விட்டுவிடு என்று நாயகி வயலெட்டாவிடம் கேட்கிற அந்த நீண்ட காட்சியை யாரும் துண்டாகப் போடுவதில்லை, கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கடைசி அங்கத்தில் சாகக் கிடக்கிறவள் அந்த அப்பா எழுதிய கடிதத்தைப் பாடாமல் பேச்சாகவே படிக்கிறாள், பின்னால் வயலினில் முதல் அங்கத்தில் ஆல்ஃப்ரெடோ காதலைச் சொன்ன அதே மெட்டு மெல்ல வருகிறது. முதல் அங்கத்தைக் கேட்காதவருக்கு அது வெறும் இனிமையான வயலின். கேட்டவர்கள் அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நானும்தான்.

அப்புறம் வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்ட்' ஆப்பரா. டீச்சரின் தட்டுகளில் இருந்த பதிவு, ஷோல்டி நடத்த வியன்னா பில்ஹார்மனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்து, டெக்கா கம்பெனி 1958இல் எடுத்தது. தொடக்கத்தில் வயலின் குடும்பத்திலேயே பெரிய டபுள் பேஸ்கள் ஆழத்தில் ஈ ஃப்ளாட் என்கிற ஒரே சுரத்தைப் பிடித்துக்கொள்ள, எட்டு ஹார்ன் ஊதுகருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர, 136 பார்களுக்கு, அதாவது தாளக் கட்டங்களுக்கு, சுரம் அடியில் நகர்வதே இல்லை. நம்மில் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் தம்பூரா சுருதியில் உட்கார்வது போல அதில் உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. செல்போன் ஸ்பீக்கரில் அந்த அடிச்சுரம் கேட்கவே கேட்காது. நல்ல ஸ்பீக்கருக்கு நிதி கேட்டபோது முணுமுணுத்தவர்களும் அன்றைக்குச் சரி என்றார்கள்.

தட்டுகளைப் பற்றி ஒன்று. நம் ஊர் ஈரத்துக்கு உறைகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. தட்டுகளைப் படுக்க வைக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். பழைய 78 வேகத் தட்டுகளை ஸ்பிரிட் போட்டு யாரும் துடைக்கக் கூடாது, அவை பெரும்பாலும் அரக்கில் செய்தவை, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பக்கத்துக்கு நாலு நிமிடம்தான் ஓடும் என்றாலும் அவற்றுக்கு மாற்று கிடையாது.

நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டதால் அந்த மாதக் கூட்டம் நடக்கவில்லை.

நேரடிக் கச்சேரிகள் இந்த வருடம் குறைவு, அது எனக்குப் பெரிய குறை. கோவையில் ஷூபர்ட்டின் டி மைனர் குவார்ட்டெட்டுக்கு, அதாவது நாலு பேர் வாசிக்கும் தந்தி வாத்திய இசைக்கு, ஒரு வேன் பிடித்துப் போனோம். பதிவில் பலமுறை கேட்டிருந்தும், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவை வாசிப்பவர் மூச்சை இழுத்து வில்லை வைப்பதை எதிரில் பார்த்தபோதுதான் நடுக்குரல்கள் தனியாகப் பிரிந்து காதில் விழுந்தன. கிறிஸ்துமஸுக்கு இங்கே தேவாலயத்தில் ஒரு சோப்ரானோ, அதாவது உச்சக் குரல் பாடகி, மைக் இல்லாமல் ஹேண்டலின் 'மெசையா'வில் இருந்து பாடினார். கடைசி பெஞ்ச் வரை வந்தது. பயிற்சி பெற்ற ஆப்பரா குரல்கள், முக்கியமாக ஆண் குரல்கள், 3,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 3,000 அதிர்வு) பக்கம் பலம் சேர்த்துக்கொள்கின்றன, ஆர்கெஸ்ட்ராவின் பலமோ 500 ஹெர்ட்ஸ் பக்கம், அதனால்தான் இத்தனை வாத்தியங்களைத் தாண்டி ஒரே ஆள் கேட்கிறார். பதிவில் அதை மைக் செய்ததா குரல் செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பதிவு வீட்டுப் பாடம், கச்சேரி வேண்டவே வேண்டும்.

ஆகவே வரும் வருடம் மும்பைக்கு ஒரு குழு போகலாம் என்பது என் தீர்மானம். 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா அங்கே என்.சி.பி.ஏ. என்கிற கலை மையத்தின் அரங்கில் வாசிக்கிறது. வர விரும்புகிறவர்கள் இன்றே பொருளாளரிடம் பெயர் கொடுங்கள், ரயில் டிக்கெட்டை முன்னாலேயே எடுக்க வேண்டும். சந்தாவில் மாற்றம் இல்லை. அடுத்த கூட்டத்தில் புச்சினியின் 'டோஸ்கா', 1953இல் மரியா காலஸ் பாடிய பதிவு, மூன்று அங்கமும். ஐந்து மணிக்கே தொடங்குவோம், பனி இறங்குவதற்குள் வந்துவிடுங்கள், ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.