சங்கரா மீனும் சிவப்புக் கயிறும்

சத்துவாச்சாரி, வேலூர்
பங்குனி 3

அன்புள்ள தேவி,

உன் கடிதமும் மக்ரூன் டப்பாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. தூத்துக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் பாதிக்கு மேல் உடையவில்லை. பேரனுக்கு முடி இறக்கியாச்சா? மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நானும் சொல்கிறேன், முட்டி சரியாகும்வரை ஏறாதே.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'கிணற்றை எட்டிப் பார்க்கவே என் கையைப் பிடித்துக்கொள்வாய், நீயா கடலுக்கு அடியில் போனாய்?' என்று எழுதியிருந்தாய். போனேன் தேவி. போன மாதம், புதுச்சேரிக் கடலில், பத்து மீட்டர் ஆழம்வரை. ஃபோனில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படி முடித்துவிட மனசு வரவில்லை.

கிணற்றில் விழுந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் முழுதாக நான் சொன்னதில்லை. ஒடுகத்தூர் பக்கம் பாட்டி ஊர். எனக்கு ஒன்பது வயது. மாமா பையன்களின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி நீச்சல் பழக்குவார். பெண் பிள்ளைகள் படியில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். பாசி வழுக்கி உள்ளே போய்விட்டேன். மாமா தலைமுடியைப் பிடித்து மேலே தூக்கிப் போட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்றார்கள். மூச்சுத் திணறியது எனக்கு நினைவில் இல்லை. கீழே பார்த்ததுதான் நினைவில் இருக்கிறது. பச்சை, அதற்குக் கீழே கரும்பச்சை, அதற்கும் கீழே ஒன்றுமே இல்லை. கால் எதிலும் படவில்லை. நாற்பது வருடமாகக் கனவில் வந்ததெல்லாம் அந்தக் கால் படாத நேரம்தான்.

கோட்டை அகழியை ஒட்டி நடக்கும்போதெல்லாம் நீ தண்ணீர்ப் பக்கம் நடப்பாய், என்னைச் சாலைப் பக்கம் விடுவாய். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பில் மாமல்லபுரம் போனோமே, அதையும் நீ மறந்திருக்க மாட்டாய். எல்லோரும் ஐந்து ரதம் பார்க்கப் போக, நான் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தேன். டீச்சர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போகும்வரை நகரவில்லை. கடல் எனக்கு அவ்வளவு பிடித்தது. ஒரு அடி முன்னால் வைக்கவும் முடியவில்லை.

அப்புறம் 2021 நவம்பர். பாலாற்றில் வெள்ளம் வந்தது உனக்கு டிவியில் தெரிந்திருக்கும். நாம் படித்த காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடினோம். ஆறு என்றாலே மணல்தான். அந்த வாரம் கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் தண்ணீர். ஊரே பார்க்கப் போனது, நானும் காட்பாடி பாலத்துக்குப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கால் நடுங்கியது. ஆனால் அங்கிருந்து வரவும் முடியவில்லை. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலில் சேரும் ஆறு என்று புத்தகத்தில் படித்ததுதான். இந்தத் தண்ணீர் இரண்டொரு நாளில் கடலுக்குப் போய்விடும், நான் ஐம்பது வயதை நெருங்கியும் கணுக்காலோடு நிற்கிறேன் என்று அன்றைக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் மறக்காமல் வைத்திருந்து இந்த வருடம் ஏற்பாடு செய்துவிட்டான்.

முதலில் காது டாக்டரிடம் போய் சான்று வாங்கினேன். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது என்றார். பிறகு ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் பேருந்தில் புதுச்சேரி. ஒருநாள் முழுக்க நீச்சல் குளத்தில் பயிற்சி. முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து குழாய் நழுவினால் தேடி எடுத்து மறுபடி வைத்துக்கொள்வது, கை ஜாடைகள். கட்டை விரலை உயர்த்தினால் 'நன்றாக இருக்கிறேன்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகவேண்டும்' என்று அர்த்தம். நன்றாக இருந்தால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டவேண்டும். இது பழக எனக்கு அரைநாள் பிடித்தது.

ஆக்சிஜன் சிலிண்டரா என்று கேட்பாய். இல்லை, நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான், வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தது. அதிசயம் வாயில் வைக்கும் கருவியில் இருக்கிறது. மூச்சை இழுத்தால் மட்டும் காற்று வரும், அதுவும் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக வரும். 1943-இல் பிரான்சில் கூஸ்தோ, கான்யான் என்ற இருவர் இதைச் செய்தார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காகக் கான்யான் செய்திருந்த வால்வுதான் இதற்கு மூலம்.

பாயில் விதியை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அழுத்தம் இரு மடங்கானால் பருமன் பாதி. கடல் மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம், பத்து மீட்டர் இறங்கினால் இரண்டு. ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி காதைச் சமன் செய்யவேண்டும். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. நுரையீரலில் உள்ள காற்று விரிந்து கிழித்துவிடும். எனக்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணாக இருந்த விதி இது. காதுக்குள் வந்து அழுத்தியபோதுதான் முதல்முறையாகப் புரிந்தது. இனி அந்தப் பாடத்தை வேறு மாதிரிதான் நடத்துவேன்.

மறுநாள் படகு. பயிற்சியாளர் மீனவக் குப்பத்துப் பையன், என் மகன் வயது. 'அம்மா, என் கையை விடவே வேண்டாம்' என்றான். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். நாலு மீட்டர் இருக்கும், கீழே பார்த்துவிட்டேன். பச்சை, அதற்குக் கீழே கரும்பச்சை. கால் எதிலும் படவில்லை. தேவி, நான் கடலில் இல்லை, ஒடுகத்தூர் கிணற்றில் இருந்தேன். மூச்சு நாய் இளைப்பது போல ஓடியது. அப்படி மேலோட்டமாக இளைத்தால் கரியமில வாயு வெளியேறாமல் உடம்பில் சேரும், சேரச் சேரக் காற்று போதவில்லை என்றே தோன்றும். சிலிண்டர் நிறையக் காற்று இருக்க, எனக்கு மூச்சு முட்டியது. கட்டை விரலை உயர்த்தப் போனேன். அந்தப் பையன் என் கண்ணைப் பார்த்தபடி, தன் வாயிலிருந்து போகும் குமிழ்களை விரலால் காட்டினான். விடு, இன்னும் விடு என்கிறான். எண்களெல்லாம் எனக்கு மறந்துவிட்டன. பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை மனசுக்குள் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு பெயருக்கு இழுப்பு, இரண்டு பெயருக்கு விடுவது. இருபதாவது பெயருக்குப் பக்கத்தில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், அது பொய்யாகிவிடும். அது கூடவே இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கால் படவில்லை, ஆனாலும் நான் விழவில்லை. உடுப்பில் கொஞ்சம் காற்றை ஏற்றி, மூழ்காமலும் மிதக்காமலும் அவன் என்னை அந்தரத்தில் நிறுத்தியிருந்தான். மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏறுகிறேன், விட்டால் ஒரு சாண் இறங்குகிறேன். கிணற்றில் அந்த அரை நிமிடம் முழுக்க நான் விழுந்துகொண்டே இருந்தேன். இங்கே அதே பச்சைத் தண்ணீர் என்னைத் தாங்கிக்கொண்டது. கண்ணாடிக்குள் அழுதேன்.

அதற்கப்புறம்தான் பார்க்க ஆரம்பித்தேன். பாறைகளுக்கிடையே ஒரு களவா மீன் அசையாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சோளம் பொரிவது போல இடைவிடாத சத்தம். ஒரு வகைச் சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்கும் ஒலியாம் அது. கூட்டமாகச் சாம்பல் நிற மீன்கள் கடந்து போயின. அவை சங்கரா என்று மேலே வந்த பிறகு அவன் சொன்னான். நம் ஊர் மார்க்கெட்டில் ஐஸ் மேல் குங்குமமாகக் கிடக்குமே, அதே சங்கரா. என் மணிக்கட்டைப் பார்த்தேன். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு பழுப்பாகி இருந்தது. சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடுகிறது. சில மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும். மேலே நம் கண்ணைப் பறிக்கும் நிறம்தான் அங்கே அந்த மீனுக்கு மறைப்பு. அதன் வீட்டில் அதைப் பார்க்காமல் இத்தனை நாள் குழம்பு வைத்திருக்கிறேன்.

அன்றிரவே ஏலகிரிக்குப் போகலாம் என்றான் மகன். பயிற்சியாளர் விடவில்லை. ஆழத்தில் அழுத்தத்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும், அதற்குள் 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் இரத்தத்தில் குமிழாகிவிடலாம். ஒரு நாள் கழியட்டும் என்றான்.

உன் மாமனார் சங்கு குளித்தவர் என்று கல்யாணமான புதிதில் நீ எழுதியிருந்தாய். கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்கவேண்டும், தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டார் என்று அவர் சொன்னதாகவும். அன்று அதை ஒரு வேடிக்கைக் கதையாகப் படித்தேன். இப்போது அந்தப் பையனின் கையை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் போனவர்கள். உடம்பு எப்படி இருக்கிறது அவருக்கு? இறங்கும்போது காதுக்கு என்ன செய்வார்கள், பயந்ததுண்டா என்று எனக்காகக் கேட்டு எழுது. உன் கையெழுத்தில், அவர் சொன்னபடியே.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக இருந்ததில் இரண்டு மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. நம் பக்கத்துத் தோல் பதனிடும் கழிவும் பாலாற்றில்தான் போனது. 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விஷயம். வாணியம்பாடியில் ஆற்றில் விட்டது எங்கே போகும் என்று இதுவரை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. இந்த வருடம் என் வகுப்புப் பிள்ளைகளை வயலூர் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போகத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டி ஊருக்குப் போனேன். பக்கத்தில் போர்வெல் போட்ட பிறகு அந்தக் கிணறு ரொம்ப வருடம் வறண்டு, உள்ளே முள்செடி முளைத்துக் கிடந்தது. இந்த மழைக்குக் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது, மேலே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து 'பார்த்து, பார்த்து' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிப் படிவரை இறங்கி, காலைத் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்தேன். கீழே பார்த்தேன். அதே பச்சைதான்.

அடுத்து 18 மீட்டர் வரை போகும் முழுப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். நாலு நாள் ஆகும். உன் முட்டி சரியானதும் நீயும் புதுச்சேரிக்கு வா. இறங்க வேண்டாம், படகில் உட்கார்ந்திரு. நான் மேலே வரும்போது நீ அங்கே இருக்கவேண்டும். இலவம்பாடி முள் கத்திரிக்காய் ஒரு பை பார்சலில் போட்டிருக்கிறேன், வந்ததும் உடனே வெளியே எடுத்து வை, வெந்துவிடும்.

உன்,
மலர்