தட்டுவதற்கு முன் அம்புக்குறியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைக்கடிகாரத்தின் ஸ்டீல் செயின் தொளதொளவென்று இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்ட வாசகருக்கு, போன ஞாயிறு கேள்வி பதில் பகுதியில், மெல்லிய ஆணியை வைத்துத் தட்டினால், கண்ணிகளைக் கோத்திருக்கும் சிறு கம்பியான ‘பின்’ வந்துவிடும், ஒரு கண்ணியைக் கழற்றிவிடுங்கள் என்று ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். வீட்டிலேயே செய்யலாம் என்றது சரி. தட்டச் சொன்னதுதான் எனக்குத் திக்கென்றது.

நானும் அப்படித் தட்டியவன்தான். 31 கடிகாரங்கள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பழையவை. யாரோ ஒருவர் மணிக்கட்டுக்கு அளவெடுத்த செயின் எனக்கு எப்படிச் சேரும்? அதனால் வாங்கிய கையோடு செயினில் கைவைத்தே ஆக வேண்டும். (வீட்டுக்குத் தெரியாமல் அலமாரியில் வைப்பது தனி வேலை.)

முதலில் கைவைத்தது ஒரு பழைய ஆட்டோமேட்டிக். பின் சுலபமாக வந்தது. கண்ணியைக் கழற்றி, மீண்டும் கோத்து, கட்டிக்கொண்டு பெருமையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் மாடிப்படி இறங்கும்போது செயின் பிரிந்து கடிகாரம் உருண்டோடிற்று. கண்ணாடி போயிற்று. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த வகைச் செயினில் பின் வழவழவென்று இருக்கும், தானாக நிற்காது. கண்ணிக்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குழல் இருக்கும். பின்னைக் கவ்விப் பிடிப்பது அதுதான். நான் தட்டியபோது அது சத்தமில்லாமல் தரையில் விழுந்து, மறுநாள் குப்பையோடு போயிருக்க வேண்டும்.

ஆகவே அந்த வாசகர் முதலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு, செயினைப் புரட்டி உள்பக்கம் பார்க்கட்டும். கண்ணிகளில் சின்ன அம்புக்குறி இருந்தால் பெரும்பாலும் அது பின் போட்ட செயின். அம்பு காட்டும் பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும், போடும்போது எதிர்த்திசையில். குழல் விழுந்தால் எடுத்து வைத்து, முதலில் அதைப் பொருத்திவிட்டுத்தான் பின்னை நுழைக்க வேண்டும். அம்பு இல்லை, பக்கவாட்டில் ஒரு கோடு மட்டும் தெரிகிறது என்றால் அவசரப்படக் கூடாது. அது திருகாணியின் பள்ளமாகவும் இருக்கலாம், பிளந்த பின்னின் பிளவாகவும் இருக்கலாம். லென்ஸ் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் அகலமான தலை இருப்பது திருகாணி. அதைத் தட்டினால் மரை போய்விடும். அப்புறம் அந்தக் கண்ணி அசையாது.

இரண்டு கண்ணி எடுப்பதானால் பக்கத்துக்கு ஒன்றாக எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் பூட்டு மணிக்கட்டின் நடுவில் நிற்காமல் ஓரம் போகும்.

கண்ணியைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமலும் போகலாம். பல செயின்களில் பூட்டின் ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அங்குள்ள ஸ்பிரிங் பின்னை அமுக்கி ஒரு துளை தள்ளிப் போட்டால் சில மில்லிமீட்டர் குறையும். கைக்கு அதுவே பெரிய வித்தியாசம். ஆனால் ஸ்பிரிங் பின் தெறித்தால் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும். நான் இரண்டு கைகளையும் கடிகாரத்தையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

தோல் வாருக்கு இவ்வளவு பாடு இல்லை. கடிகாரத்தின் காதுகளுக்கு, அதாவது வார் மாட்டும் முனைகளுக்கு, இடையே உள்ள அகலம் 18, 20, 22 மி.மீ. என்று தெரிந்தால் போதும்.

கடிகாரத்தோடு வரும் கையேட்டைப் பாருங்கள். தண்ணீரைப் பற்றிப் பல மொழிகளில் எச்சரிக்கை இருக்கிறது. செயினில் இருப்பது எந்த வகைப் பின் என்று, என்னிடம் உள்ள எந்தக் கையேட்டிலும் ஒரு வரி இல்லை.

கழற்றிய கண்ணியை மட்டும் அவர் தூக்கி எறிந்துவிட வேண்டாம். போன வருடம் காய்ச்சலில் இளைத்தபோது நான் கழற்றி வைத்த இரண்டு கண்ணிகளை இந்த மாதம்தான் திரும்பக் கோத்தேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்