வாசனைத் தெளிப்பான் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலம் மாநகரின் கழிவுநீரேற்று நிலையங்களை மேம்படுத்தும்போது பம்ப் மாற்றி, நாற்றத்தை மறைக்க வாசனைத் தெளிப்பான் வைப்பதோடு வேலை முடிந்துவிடாது. நாற்றம் பிறப்பது, பம்ப் இறைக்கும் முன் கழிவுநீர் வந்து சேரும் சேகரிப்புக் கிணற்றில். அங்கே கழிவுநீர் 30 நிமிடத்துக்கு மேல் தேங்கக் கூடாது. தேங்கினால் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவை உண்டாக்கும். நம்மூர் சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. பம்ப் ஓடத் தொடங்கும் மட்டத்தைக் கீழே இறக்கினாலே தேக்கம் குறையும். ஆனால் மோட்டார் அடிக்கடி நின்று ஓடினால் சுருள் கருகும். அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உள்வரும் குழாய் உயரத்திலிருந்து கொட்டும் இடங்களில், கரைந்திருக்கும் வாயு குபுகுபுவென வெளியேறும். குழாயை நீர்மட்டத்துக்குக் கீழ்வரை நீட்டுவது பெரிய செலவில்லை.

பலரும் புகார் வந்ததும் மூடியை இறுக அடைத்துவிடுகிறார்கள். உள்ளே சிக்கிய வாயு ஈரக் கான்கிரீட்டில் கந்தக அமிலமாகி, நீர்மட்டத்துக்கு மேலுள்ள சுவரை மாவாக உதிர்க்கிறது. கம்பி வெளியே தெரிகிறது. மூடினால், மணிக்கு 12 முறையாவது காற்றை மாற்றும் தீப்பொறி எழாத விசிறியும், அதன் பின்னால் நாற்றத்தை உறிஞ்சும் கார்பன் வடிகட்டியும் கட்டாயம். ஈரம் பிரிக்கும் பகுதி இல்லாவிட்டால் கார்பன் சீக்கிரமே பயனற்றுப்போகும்.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். "நாற்றமே இல்லையே" என்று கிணற்றுக்குள் இறங்குவதுதான் எமன். 10 பிபிஎம்மிலேயே எச்சரிக்கை ஒலி எழுப்பும் வாயு அளவுக் கருவி வேண்டும். தீப்பற்றக்கூடிய மீத்தேனையும் ஆக்சிஜனையும் அது சேர்த்தே அளக்க வேண்டும்.

கார்பன் மாற்றும் செலவையும் கருவியைச் சோதனை வாயுவால் சரிபார்க்கும் பணியையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இல்லையேல் விசிறி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
கழிவுநீர்ப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
சேலம்.