வர்ண நாரைகளும் வேப்பமரத்துக் காக்கையும்

செங்கல்பட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற ஞாயிறன்று பேரனை டெல்லி உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போனதைப் பற்றிப் பேசும்போது, "புலி தூங்கிக்கொண்டே இருந்தது, கடைசியில் கொக்குகளைத்தான் பார்த்துவிட்டு வந்தோம்" என்று சற்றுச் சலிப்போடு சொன்னாய். அந்தப் பேச்சு மனத்திலேயே தங்கிவிட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். மஞ்சள் அலகும் வாலருகே இளஞ்சிவப்பு இறகுகளும் இருந்தன என்று நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், அவை வர்ண நாரைகள். அவற்றை யாரும் பிடித்து வந்து அங்கே விடவில்லை. அந்தப் பூங்கா 1959-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்தே இந்த நாரைகள் தாமாக வந்து, குளங்களின் நடுவே உள்ள மரங்களில் கூடு கட்டி வருகின்றன. மழைக்காலம் முடியும் தறுவாயில் வந்து, குஞ்சு பொரித்து வளர்த்து, கோடை முற்றுவதற்குள் பறந்துவிடும். கூண்டிலுள்ள புலிக்கு இறைச்சி வேளைக்கு வந்துவிடும். நாரையோ வெளியே நீர்நிலைகளைத் தேடிப் பறந்து, மீனை விழுங்கிக் கொண்டுவந்து, குஞ்சுகளின் முன்னால் கக்கி ஊட்டவேண்டும். வெயில் ஏறினால் தாயோ தந்தையோ சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழலாக நிற்கும். பேரனுக்கு அன்று வாய்த்தது எவ்வளவு பெரிய காட்சி என்பதை நீ அறியவேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒன்றை நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு உன் தாத்தாவிடமிருந்து வந்தது. அந்நாளில் சென்னையில் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர் 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் அந்த மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார் என்பதால் இரண்டும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். எங்கள் காலத்தில் அது மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கி, சென்ட்ரல் பக்கம் சாலையைக் கடக்கும்போதே என் கால்கள் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் தாத்தா எங்களை ஓடவிடமாட்டார். நுழைவாயிலிலேயே "இன்றைக்குக் கரடி" என்று அறிவித்துவிடுவார். அன்று மற்ற விலங்குகளைப் போகிற போக்கில் பார்ப்பதோடு சரி, கரடிக் கூண்டின் முன்னால்தான் நிற்கவேண்டும்.

அப்படி நின்ற ஒரு நாளில்தான், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்த கரடி மெல்ல எழுந்து வந்து, தரையில் சிதறியிருந்த தீனியை முகர்ந்தது. பிறகு உதட்டை நீளமாகக் குவித்து, புஸ்ஸென்று ஊதித் தூசியைத் தள்ளிவிட்டு, அடுத்த மூச்சில் தீனியை உள்ளே உறிஞ்சியது. கூண்டுக்கு வெளியே நின்ற எங்களுக்கு அந்த ஓசை தெளிவாகக் கேட்டது. காட்டில் கறையான் புற்றை நகத்தால் கிழித்து, மண்ணை ஊதிவிட்டுக் கறையானை உறிஞ்சுவதும் இப்படித்தான் என்றும், அதற்கு வசதியாக அதன் மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லை என்றும் தாத்தா விளக்கினார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த உதட்டின் அசைவு என் கண்ணில் நிற்கிறது.

நகரத்தின் நடுவே இடம் போதாமல் போனதால் 1985-இல் உயிரியல் பூங்கா வண்டலூருக்கு மாறியது. 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டு நிலத்தில், கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டி விலங்குகளை விட்டிருந்ததைப் பார்த்துத் தாத்தா மிகவும் மகிழ்ந்தார். உன்னை முதன்முதலாக அங்கே கூட்டிப்போனபோது உனக்கும் ஏறக்குறைய இப்போது பேரனுக்கு இருக்கும் வயதுதான். புலி புதருக்குள் மறைந்து முகமே காட்டாததால் நீ அழுதாய். எனக்கு அதில் வருத்தமில்லை. மறைந்துகொள்ள ஒரு புதர் இருப்பது புலிக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்றுதான் எண்ணினேன். உன் அழுகையை நிறுத்தியது சிங்கவால் குரங்கு. கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரியோடு உட்கார்ந்திருந்த தாயின் மடியிலிருந்து குட்டி நழுவி இறங்குவதும், தாய் அதன் வாலைப் பற்றி இழுத்துக்கொள்வதும், அது மறுபடி நழுவுவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டு, அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிடக் கூப்பிட நீ நகரவே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு அது. பின்னாளில் வால்பாறைக்குப் போனபோது, புதுத்தோட்டத்தருகே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருந்த பாலத்தின் வழியாக ஒரு கூட்டமே கடந்து போனதைக் கண்டதும், "வண்டலூர்க் குரங்கு" என்று நீ கூவியது நினைவிருக்கிறதா?

வீட்டுக் கொல்லையிலும் பார்ப்பதற்குக் குறைவே இருந்ததில்லை. ஆயா தினமும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு கோடையில், வேப்பமரத்தில் கூடு கட்டியிருந்த காக்கை அந்தச் சோற்றை அலகு நிறைய அள்ளிக்கொண்டு போய் யாருக்கு ஊட்டுகிறது என்று பார்க்க நானும் ஆயாவும் துணி துவைக்கும் கல்லருகே நின்றோம். கிளையில் உட்கார்ந்து சிறகை நடுக்கியபடி வாயைப் பிளந்து கொண்டிருந்தது குயில் குஞ்சு. ஆண் குயில் கத்திக் காக்கையைத் தன் பின்னால் ஓடவிடும் நேரத்தில் பெண் குயில் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் என்பதும், குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும் என்பதும் நூல்களில் உள்ளவைதான். ஆனால் தன்னைப் போலவே கறுத்து, ஆனால் தன்னைவிட மெலிந்து, வேறு குரலில் கத்திய அந்தக் குஞ்சின் தொண்டைக்குள் காக்கை அலகை முழுவதுமாக நுழைத்து ஊட்டியதைப் பார்த்த ஆயா, "யார் பெத்தா என்ன, வளக்கிறவ வளக்கிறா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னொரு பிடி சோறு கொண்டுவந்து வைத்தார். தவிட்டுக்குருவிகள் ஒன்றாகக் கூடிக் கத்தினால் கிணற்றடிக்குப் போகாதே என்று அவர் சொல்லிவந்ததும் உண்மையே. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பூனையோ சாரைப்பாம்போ இருக்கும்.

அந்த வேப்பமரம் 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலில் சாய்ந்தது. வண்டலூரிலும் எண்ணற்ற மரங்கள் அதே புயலில் விழுந்தன. பிறகு நான் வைத்த வேம்பு இப்போது மாடி உயரத்துக்கு வந்துவிட்டது; காக்கை இன்னும் கூடு கட்டவில்லை, தேன்சிட்டு மட்டும் வந்து போகிறது.

ஒரு வேண்டுகோள். மே மாத விடுமுறையில் வருவதாகச் சொன்னாய். முடியுமானால் பொங்கலையொட்டி வாருங்கள். உங்கள் ஊர் வர்ண நாரை தென்மேற்குப் பருவமழையை ஒட்டிக் கூடு கட்டுகிறது, இங்குள்ளது வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிறது. ஆகவே அங்கே குஞ்சுகள் பறக்கத் தொடங்கிவிட்ட வேளையில் வேடந்தாங்கலில் கூடு நிறைந்திருக்கும். அந்த ஏரியைப் பாதுகாக்க 1798-லேயே ஆட்சியர் உத்தரவு பெற்றவர்கள் அவ்வூர் மக்கள். எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் நெல்லுக்கு உரம் என்று அறிந்தவர்கள். படாளத்தில் திரும்பிவிட்டால் வழி எளிது. விடியற்காலையில் புறப்பட்டு, கண்காணிப்புக் கோபுரத்தில் நின்று, வர்ண நாரையை மட்டும் பார்ப்போம். கூழைக்கடாவும் கரண்டிவாயனும் போகிற போக்கில் கண்ணில் படட்டும். வண்டலூருக்கு மறுநாள் போகலாம், ஆனால் செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை என்பதைக் கணக்கில் வைத்துக்கொள். என் பைனாகுலர் பேரனின் கைக்குக் கனமாக இருக்கும். அவனுக்கென்று சிறியது ஒன்று வாங்கி வைக்கிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா