ஷ்லீரன்காரர்களைப் பற்றி உன்னிடம் சொல்லாதது

இரணியல்,
திங்கள் காலை

மக்களே,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதை உனக்க அம்மைக்கிட்ட இன்னும் சொல்லவில்லை. அந்நேரத்தில் யாரு என்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். அரைமணி நேரம் ராங் நம்பரோடு பேசினவனை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

நீ வேலை பார்க்கிற ரயில் பெட்டிப் பட்டறை நூறு வருசம் தாண்டினது, கையில் இருந்த ஆர்டர் தீர்ந்துவிட்டது, வேலையிலிருந்து நிறுத்துகிற முதல் பட்டியலில் பாதிப் பேர், அடுத்தது மூடலா என்று கேட்டால் மேலே யாரும் வாய் திறப்பதில்லை. இவ்வளவையும் நீ நிதானமாகத்தான் சொன்னாய். "ரயில் பெட்டி வேலைக்கு அழிவில்லேன்னு நீங்கதானப்பா சொன்னீங்க" என்று நீ கேட்ட இடத்தில்தான் எனக்குக் குரல் அடைத்தது. சொன்னேன். நீ கோணம் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்றும் சொன்னேன், கனடாவுக்கு விமானம் ஏறின அன்றும் சொன்னேன். சொல்லும்போதே அது பாதி உண்மைதான் என்று எனக்குத் தெரியும். போனில் எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்து அனுப்புவான்.

1976-ல் நான் மெட்ராசில் பெரம்பூர் இன்டெக்ரல் கோச் ஃபாக்டரிக்கு, அதான் ஐ.சி.எஃப்.புக்கு, வேலைக்குப் புறப்பட்டபோது நம்ம ஊருக்கு ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை வந்ததே 1979-ல்தான். தக்கலையில் பஸ் பிடித்துத் திருநெல்வேலி போனேன். நான் ஏறின முதல் ரயிலே ரயில் பெட்டி செய்யக் கூட்டிக்கொண்டு போனது. ஷெல் பட்டறையில் வெல்டிங். பக்கச்சுவர், கூரை, அண்டர்ஃபிரேம் என்கிற அடிச்சட்டம் எல்லாம் தனித்தனியாகச் செய்து, அசையாமல் பிடிக்கிற ஜிக்கில் நிறுத்தி, ஒரே கூடாகப் பற்றவைப்போம். அந்தக் கூடு முழுக்கச் சேர்ந்து பாரம் தாங்கும். 'இன்டெக்ரல்' என்ற பேரே அதனால் வந்ததுதான். இந்த வித்தையைச் சொல்லித்தந்தது சுவிட்சர்லாந்தில் ஜூரிச்சை அடுத்த ஷ்லீரன் ஊர்க் கம்பெனி. 1955 அக்டோபர் 2-ல் நேரு வந்து திறந்த பட்டறையில் அவர்களுடைய வரைபடம்தான் வேதம்.

1980-களின் நடுவில் ஒருநாள் டீ நேரத்தில் எங்கள் சார்ஜ்மேன் சொன்னார்: "நமக்குப் படிச்சுத்தந்த பட்டறையை இழுத்து மூடிட்டானுவளாம்." இளவயதில் சுவிஸ்காரர்களிடம் நேரே வேலை பழகின மனுசன் அவர். யாரும் ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு அவர்களுடைய பெட்டிக்கே போய் வெல்டு வைத்தோம். அதற்கப்புறம் முப்பது வருசத்துக்கு மேலே, 2018 ஜனவரி வரைக்கும், அந்தப் பெட்டி பெரம்பூரில் வந்துகொண்டே இருந்தது. பெட்டிக்கு அழிவில்லை, சரிதான். அதை முதலில் செய்தவன் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

எனக்கு ரயில்வே போர்டு வருசா வருசம் வேலை தந்தது. உங்களுக்கு ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை அத்தனை பெரிய ஷெட்டும் சும்மா நிற்கும். இந்த வித்தியாசத்தை நான் உனக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மகனும் ரயில் பெட்டிதான் செய்கிறான் என்று கவலையில்லாமல் சொல்லித்திரிகிற ஆசையில் விட்டுவிட்டேன்.

மூடுகிற பட்டறையைப் பற்றி உனக்க அம்மைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் மெட்ராசில் இருந்த காலமெல்லாம் அண்டி ஆபீசுக்கு, முந்திரிக்கொட்டை உடைக்கிற பட்டறைக்கு, போனவள் அவள். வெளிநாட்டு அண்டி வராத மாதம் கேட்டில் பூட்டு. ஒரு தடவை போட்ட பூட்டு பிறகு திறக்கவே இல்லை. பி.எஃப்.புக்கும் கிராஜுவிட்டிக்கும் நாலு வருசம் நடந்தாள். சம்பளச் சீட்டுகளை ஒன்று விடாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்ததால் அவளுக்குப் பணம் வந்தது. கூட வேலை பார்த்த மேலத்தெரு அக்காவுக்குக் கடைசிவரை வரவில்லை.

ஆகவே உன் தாள்களை இன்றே ஒரு இடத்தில் சேர். வெல்டிங் டெஸ்ட் பாஸான சான்று, சம்பளச் சீட்டு, திரும்பக் கூப்பிடுகிற லிஸ்டில் உன் நம்பர், எல்லாம். வேலை போனவர்களுக்குச் சம்பளத்தில் 55 சதவீதம் வரை இன்சூரன்சில் கிடைக்கும் என்றாய் அல்லவா, அதற்குக் கம்பெனி தரவேண்டிய தாளை முதல் நாளே கேள். நீட்டுகிற எதிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதே, யூனியன்காரரிடம் காட்டிவிட்டுப் போடு. ஊருக்கு வந்துவிடட்டுமா என்றாய். இதெல்லாம் கைக்கு வந்த பிறகு வா.

வீட்டு லோனுக்கு ஆறு மாசம் பணம் அனுப்ப வேண்டாம். பென்சன் இருக்கிறது. பின்னால் நாற்பது மூடு ரப்பர் மரம் நிற்கிறது, மழை விட்டால் பால் வெட்டலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மைக்கிட்ட நீயே சொல்லு. இங்கே காலையாக இருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடு, ராத்திரி மணி அடித்தால் பயந்துபோவாள். நேற்றுப் பேசினதை மட்டும் சொல்லாதே, ராங் நம்பர் ராங் நம்பராகவே இருக்கட்டும்.

அப்பா